குதிரைக்குக் குடற்புழு மருந்து: எப்போது, எதை, எவ்வளவு?

கேள்வி இதுதான்: "மூன்று பெரிய குதிரைகளும் நான்கு மாதக் குட்டி ஒன்றும் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துவருகிறோம். அப்படியும் ஒரு குதிரை மெலிந்துகொண்டே போகிறது, வாலைச் சுவரில் தேய்க்கிறது. சாணத்தில் புழு எதுவும் கண்ணில் படவில்லை. இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டுமா?"

வேண்டாம். இப்போது கொடுப்பதே அதிகம். அதே நேரம், கொடுக்க வேண்டிய சரியான மருந்து ஒருமுறைகூடப் போய்ச் சேராமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே லாயத்தில் ஒன்றாக நடப்பது சகஜம்.

இரண்டு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது ஏன் இன்று பொருந்தவில்லை என்பதும் புரியும். 1966-ல் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரட்ஜும் லயன்ஸும் இந்த முறையைப் பரிந்துரைத்தார்கள். அன்று குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்னும் பெரிய ஸ்ட்ராங்கைல் புழு. இதன் இளம்புழுக்கள் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவருக்குள் புகுந்து மாதக்கணக்கில் வளரும். அங்கே ரத்தம் உறைந்து கட்டி உடைந்தால் குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்று, அந்த இடம் செத்துப்போகும். உயிர்போகும் வயிற்றுவலிக்கு அதுதான் காரணம். விழுங்கப்பட்ட இளம்புழு முட்டையிடும் புழுவாக ஆறேழு மாதம் பிடிக்கும். ஆகவே எல்லாக் குதிரைகளுக்கும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால் புல்வெளியில் முட்டையே விழாது, சங்கிலி அறுந்துவிடும். திட்டம் பலித்தது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட இடங்களில் அந்தப் புழு அரிதாகிப்போனது.

காலியான இடத்துக்கு வந்தவை சிறிய ஸ்ட்ராங்கைல்கள், அதாவது சயத்தோஸ்டோமின்கள். ஏறக்குறைய 50 இனங்கள் இருக்கின்றன. மேயும் குதிரை ஒவ்வொன்றின் வயிற்றிலும் இவை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இருப்பதால் வளர்ந்த குதிரைக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றின் இளம்புழுக்கள் பெருங்குடல் சுவருக்குள் நுழைந்து, சுற்றிலும் ஒரு உறை கட்டிக்கொண்டு உறங்கக்கூடியவை. அந்த உறக்கம் இரண்டு ஆண்டு வரைகூட நீளும். பெரும்பாலான மருந்துகள் அவற்றை எட்டுவதில்லை. லட்சக்கணக்கில் சேர்ந்தவை ஒரே நேரத்தில் விழித்துக் குடல் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் குதிரை நீராகக் கழியும், சில நாளில் எலும்பும் தோலுமாகும். தீவிர சிகிச்சை கொடுத்தாலும் ஏறக்குறைய பாதிக் குதிரைகள் பிழைப்பதில்லை.

ஆண்டுக்கு ஆறு முறை, பல பத்தாண்டுகளாக மருந்து விழுந்தது இந்தச் சிறிய புழுக்களின் தலையில்தான். ஒவ்வொரு முறையும் மருந்தைத் தாங்கிய சில புழுக்கள் மட்டுமே மிஞ்சி முட்டையிட்டன. இன்று ஃபென்பெண்டசோல் உள்ளிட்ட பெண்சிமிடசோல் வகை மருந்துகளுக்குச் சிறிய ஸ்ட்ராங்கைல்கள் உலகின் பெரும்பாலான இடங்களில் அசைவதில்லை. பைரண்டெலும் பல இடங்களில் தோற்றுவிட்டது. ஐவர்மெக்டினும் மாக்ஸிடெக்டினும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் தேய்மானத்தின் அடையாளங்கள் தெரியத் தொடங்கிவிட்டன. இவை நான்கும் தீர்ந்தால் எடுத்துக்கொடுக்கப் புதிய மருந்து வகை குதிரைகளுக்கு இல்லை. அதனால்தான் வாயில் கொடுக்கும் பசை மருந்தில் ஒரு ஊசிக்குழாயைக்கூட வீணாக்கக் கூடாது என்கிறேன்.

"மாற்றி மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பு வராது" என்ற நம்பிக்கையும் தவறு. தோற்றுப்போன மருந்தின் முறை வரும்போது குதிரை மருந்தே வாங்காததுபோல்தான். அதற்கு அடுத்த முறை வரும் நல்ல மருந்து, நடுவில் நடந்த தோல்வியை மூடி மறைத்துவிடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். வணிகப்பெயர் மாறினால் மருந்தின் வகை மாறாது. ஐவர்மெக்டினும் மாக்ஸிடெக்டினும் ஒரே குடும்பம். ஃபென்பெண்டசோலும் ஆக்ஸிபெண்டசோலும் ஒரே குடும்பம். பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? சாணத்தில் உள்ள புழு முட்டைகளை எண்ணி. கண்ணுக்குப் புழு தெரியவில்லை என்பது எதையும் சொல்லாது. சிறிய ஸ்ட்ராங்கைல்கள் மெல்லிய நூல்போல, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாதவை. நல்ல நிலையில் இருக்கும் குதிரை ஏராளமான முட்டை போடும்; மெலிந்த குதிரையின் சாணத்தில் முட்டையே இல்லாமலும் இருக்கும். ஒரு மந்தையில் 15 முதல் 30 சதவீதக் குதிரைகளே மொத்த முட்டைகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் புல்வெளியில் கொட்டுகின்றன. இந்தக் குணம் வளர்ந்த குதிரையில் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. எந்தக் குதிரை எப்படி என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்தத் தகவல் நெடுநாள் உதவும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முந்தைய மருந்தின் விளைவு தீராமல் எண்ணினால் எல்லாக் குதிரையும் சுத்தமாகவே தெரியும். ஃபென்பெண்டசோல், பைரண்டெல் கொடுத்திருந்தால் குறைந்தது 9 வாரம், ஐவர்மெக்டின் என்றால் 12 வாரம், மாக்ஸிடெக்டின் என்றால் 16 வாரம் கழிய வேண்டும். சாணம் அன்று போட்டதாக இருக்கட்டும். இரண்டு மூன்று உருண்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டுங்கள். குதிரையின் பெயர், தேதி எழுதுங்கள். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. வெயிலில் அரை நாள் கிடந்தால் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் நீங்களே எண்ணக் கற்றுக்கொள்ளலாம். மக்மாஸ்டர் எண்ணுத் தட்டு ஒன்று, பத்து மடங்கு லென்ஸ் உள்ள நுண்ணோக்கி, 0.1 கிராம் வரை காட்டும் தராசு, தேநீர் வடிகட்டி போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் இனி கரையாது என்று அடியில் தங்கும்வரை உப்பைக் கரைத்து ஆறவையுங்கள். 4 கிராம் சாணத்தில் 26 மில்லி உப்புக்கரைசல் ஊற்றி நன்றாகக் கலக்கி வடிகட்டுங்கள். வடிந்ததை மறுபடி கலக்கி, கலங்கியிருக்கும்போதே உறிஞ்சி எடுத்துத் தட்டின் இரண்டு அறைகளையும் நிரப்புங்கள். கலக்காமல் எடுத்தால் முட்டைகள் மேலே மிதந்துவிட்டிருக்கும், கணக்கு கெடும். காற்றுக் குமிழி இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். ஐந்து நிமிடம் விட்டு, கோடுகளுக்குள் இருக்கும் முட்டைகளை இரண்டு அறையிலும் எண்ணி 25-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் உப்பு படிகமாகி முட்டைகள் சுருங்கிவிடும். ஸ்ட்ராங்கைல் முட்டை நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் கொத்துபோன்ற உயிரணுக்களோடு தெரியும். குட்டிகளைத் தாக்கும் பாராஸ்காரிஸ் உருளைப்புழுவின் முட்டை உருண்டையாக, தடித்த பழுப்பு ஓட்டோடு இருக்கும். பெரிய ஸ்ட்ராங்கைலையும் சிறியதையும் முட்டையை வைத்துப் பிரிக்க முடியாது.

வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200-க்குக் கீழே என்றால் குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், 500-க்கு மேல் அதிகம். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இந்த எல்லைகளையே பயன்படுத்துகிறது. இந்த எண் குதிரையின் உடம்பில் எத்தனை புழு என்று சொல்வதல்ல. புல்வெளிக்கு எவ்வளவு அசுத்தம் போகிறது என்று சொல்வது. உறைக்குள் உறங்கும் இளம்புழு, தமனிக்குள் இருக்கும் இளம்புழு, இரைப்பையில் ஒட்டியிருக்கும் போட் ஈயின் புழு, ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும் ஊசிப்புழு ஆகிய எதுவும் இதில் வராது. நாடாப்புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும்.

இதனால்தான் எண்ணிக்கை குறைவாக உள்ள குதிரைக்கு மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் குடற்புழு மருந்து வாங்க முடியாது. முட்டை எண்ணிக்கையை மட்டுமே நம்பி மருந்தைத் தவிர்த்த பண்ணைகளில் ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் திரும்பவும் தலைகாட்டியதை அங்கே கண்டார்கள். ஆகவே வளர்ந்த குதிரை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு அடிப்படை மருந்து கட்டாயம். ஒருமுறை ஐவர்மெக்டின். மேய்ச்சல் பருவம் முடியும் தறுவாயில் மாக்ஸிடெக்டினும் நாடாப்புழு மருந்தான பிரேசிகுவாண்டலும் சேர்ந்தது. இந்த இரண்டாவதுதான் உறங்கும் இளம்புழுக்களையும் நாடாப்புழுவையும் போட் புழுவையும் ஒருசேரப் பிடிக்கும். எண்ணிக்கை 500-ஐத் தாண்டும் குதிரைகளுக்கு மட்டும், இளம்புழு பரவும் பருவத்தில் இடையில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். குறைவாக முட்டை போடும் குதிரைகளை மற்ற நேரத்தில் விட்டுவைப்பதில் நன்மை இருக்கிறது. மருந்தைச் சந்திக்காத புழுக்கள் புல்வெளியில் மிச்சமிருந்தால், எதிர்ப்புள்ள புழுக்கள் அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதியுங்கள். கொடுக்கும் நாளில் ஒரு எண்ணிக்கை, 14-ஆம் நாள் இன்னொன்று. முதலில் 600, பிறகு 150 என்றால் குறைவு 75 சதவீதம். ஃபென்பெண்டசோல் 90-க்குக் கீழோ, பைரண்டெல் 85-க்குக் கீழோ, ஐவர்மெக்டின், மாக்ஸிடெக்டின் 95-க்குக் கீழோ போனால் எதிர்ப்பு இருப்பதாகக் கொள்ளலாம். ஆறு குதிரையாவது இருந்தால் சராசரி நம்பகமாக இருக்கும். உங்களிடம் மூன்றே இருப்பதால் ஒரு முறை வந்த முடிவை மறுமுறையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஐவர்மெக்டினில் இன்னொரு நுணுக்கம். 14-ஆம் நாள் பூஜ்யம் காட்டிவிட்டு, 5-ஆம் வாரமே முட்டை திரும்பினால் அது எதிர்ப்பின் முதல் அறிகுறி. வேலை செய்யும் ஐவர்மெக்டினுக்குப் பிறகு 6 முதல் 8 வாரமாவது முட்டை வரக் கூடாது.

அளவு பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மருந்தையும் கெடுப்பது குறைந்த அளவுதான். கண்மதிப்பில் குதிரையின் எடையைக் குறைவாகச் சொல்லிவிடுகிறார்கள். எடை மேடை இல்லையென்றால் அளவுநாடா எடுங்கள். முன்கால்களுக்குப் பின்னால், முதுகுமேட்டை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளந்தது ஒன்று. தோள்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை உள்ள நீளம் மற்றொன்று. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. குட்டிகளுக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. நம்பகமான தராசு தேவை.

ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 450 கிலோ குதிரைக்கு 90 மில்லிகிராம். 1.87 சதவீதப் பசையில் அது ஏறக்குறைய 4.8 கிராம். மாக்ஸிடெக்டின் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். இதே கணக்கில் ஃபென்பெண்டசோல் பெரிய குதிரைக்கு 5, குட்டிக்குப் பாராஸ்காரிஸுக்காக 10. பைரண்டெல் 6.6; நாடாப்புழுவுக்கு அதைப்போல் இருமடங்கு. பிரேசிகுவாண்டல் 1 முதல் 1.5. ஐவர்மெக்டினில் கணக்குக்கு மேல் கொஞ்சம் போனாலும் வளர்ந்த குதிரைக்கு ஆபத்தில்லை. மாக்ஸிடெக்டின் அப்படியல்ல. அது கொழுப்பில் தங்கும் மருந்து. கொழுப்பே இல்லாத மெலிந்த குதிரையிலும் சிறு குட்டியிலும் ரத்தத்திலும் மூளையிலும் ஏறி, தள்ளாட்டம், மயக்கம், மரணம் வரை கொண்டுபோகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மெலிந்த குதிரைக்கும் கால்நடை மருத்துவர் பார்க்காமல் வேண்டாம். ஊசிக்குழாயில் உள்ள பூட்டு வளையம் சரியான எடைக்குறியில் இறுகியிருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன் திரும்பவும் பாருங்கள். வளையம் நழுவினால் முழுக் குழாயும் வாய்க்குள் போய்விடும்.

வாயில் புல் இருந்தால் மருந்து புல்லோடு சேர்ந்து வெளியே விழும். விரலால் வழித்தெடுத்து, தண்ணீர் காட்டி வாயைச் சுத்தம் செய்யுங்கள். தலைக்கயிறைப் பிடித்துப் பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரே அல்ல. கடிவாளம் தங்கும் பல்லில்லா இடைவெளி வழியாகக் குழாயை நுழைத்து நாக்கின் பின்பக்கத்தில் வையுங்கள். விழுங்கும்வரை தாடையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். கீழே சிந்திய பசையை உடனே துடைத்துவிட வேண்டும். கோலி இன நாய்களைப் போன்ற சில நாய்கள் அதை நக்கினாலே நஞ்சேறும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். ஊசி போட்ட தசையில் கிளாஸ்டிரிடியம் கிருமி தொற்றிக் குதிரைகள் இறந்ததால்தான் குதிரைக்கான அந்த ஊசி 1980-களிலேயே கைவிடப்பட்டது. ஆடு மாடுகளுக்குப் பயன்படும் லெவமிசோலும் குதிரைக்கு ஆகாது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

குட்டியின் கதை வேறு. அதற்கு முதல் எதிரி பாராஸ்காரிஸ். முட்டை ஓடு தடித்தது, தரையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது. விழுங்கிய இளம்புழு கல்லீரல், நுரையீரல் வழியாகச் சுற்றிவந்து சிறுகுடலில் பென்சில் கனத்துக்கு வளரும். மூக்கொழுகல், இருமல், சொரசொரப்பான முடி, தொந்தி வயிறு, வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதன் அடையாளம். முதல் மருந்து இரண்டு மூன்று மாதத்தில், இரண்டாவது நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மறக்கச்செய்யும் சமயத்தில். இரண்டுக்கும் ஃபென்பெண்டசோல் வகையே என் தேர்வு. பாராஸ்காரிஸ் பல இடங்களில் ஐவர்மெக்டினை வென்றுவிட்டது. வயிறு நிறையப் புழு உள்ள குட்டிக்குப் புழுவை உடனே செயலிழக்கச்செய்யும் ஐவர்மெக்டினோ பைரண்டெலோ கொடுத்தால், செத்த புழுக்கள் கட்டியாகத் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஃபென்பெண்டசோல் மெதுவாகக் கொல்வதால் அந்த ஆபத்து குறைவு. தொந்தி தெரியும் குட்டியாக இருந்தால் மருந்துக்கு முன் சாணத்தைப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். ஒன்பதாம் மாதமும் ஓராண்டும் நெருங்கும்போது கவனம் ஸ்ட்ராங்கைல் பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஐவர்மெக்டின், நாடாப்புழுவுக்குப் பிரேசிகுவாண்டல்.

மருந்தைவிடப் பெரிய ஆயுதம் மண்வெட்டி. முட்டை பொரிந்து, இளம்புழு தொற்றும் நிலையை அடைய 25 முதல் 33 டிகிரி வெப்பத்தில் ஈரம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும். அதற்கு முன் சாணத்தை அள்ளிவிட்டால் அந்த முட்டைகள் யாரையும் தொற்றுவதில்லை. மேயும் இடத்தில் வாரம் இருமுறை அள்ளுங்கள். சாணத்தைப் புல்மீது இழுத்துப் பரப்புவது அதற்கு நேர்மாறான வேலை. குதிரை தான் சாணமிடும் இடத்தில் மேயாமல் ஒதுங்கும். நாம் பரப்பிவிட்டால் ஒதுங்க இடமே இராது. கடும் வெயிலும் வறட்சியும் உள்ள மாதத்தில், குதிரைகளை அங்கே பல வாரம் விடாமல் இருக்க முடிந்தால் மட்டும் பரப்பலாம். வெயில் இளம்புழுவைக் கொன்றுவிடும். குளிரைப் பற்றி அப்படி நம்பிவிடாதீர்கள். முட்டையும் இளம்புழுவும் உறைபனியையும் தாங்கும், குளிரில் அதிக நாள் உயிரோடும் இருக்கும். அள்ளிய சாணத்தைக் குவித்து மக்கவையுங்கள். குவியல் சூடேறினால் முட்டைகள் அழியும். ஆடு மாடுகளை மாற்றி மேய விடுவதும் உதவும். குதிரைப்புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் வாழா. கால் முடியில் மஞ்சள் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் போட் ஈ முட்டைகளைச் சுரண்டி எடுப்பதை மறக்க வேண்டாம். புதிதாக வரும் குதிரையை மாக்ஸிடெக்டின், பிரேசிகுவாண்டல் கொடுத்துத் தனியாகக் கட்டி, 14-ஆம் நாள் எண்ணிக்கை பார்த்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். எதிர்ப்புள்ள புழு பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வருகிறது.

இனி உங்கள் மெலிந்த குதிரை. வால் தேய்ப்பதற்கு ஊசிப்புழுவை முதலில் சந்தேகிப்பேன். காலையில் குளிப்பாட்டுவதற்கு முன், தெளிவான ஒட்டுநாடாவை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். ஒருபக்கம் தட்டையான, முனையில் மூடியுள்ள முட்டைகள் தெரிந்தால் அதுதான். ஐவர்மெக்டினுக்கு எதிர்ப்புள்ள ஊசிப்புழு பரவிவருவதால், மருந்தோடு ஆசனவாய்ப் பகுதியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துத் துணியை அப்புறப்படுத்துவதும், தீவனத்தொட்டியைச் சுத்தம் செய்வதும் தேவை. முட்டை எதுவும் இல்லையென்றால் பேன், ஒவ்வாமை எனத் தோலைப் பாருங்கள். மெலிவுக்குப் பற்களைப் பரிசோதியுங்கள். கடைவாய்ப்பல் கூர்முனை கன்னத்தைக் குத்தினால் எத்தனை மருந்து கொடுத்தாலும் குதிரை தேறாது. தீவன அளவு, வயது, சாணத்தில் அரைபடாத தானியம் வருகிறதா என்பவற்றையும் பாருங்கள்.

மெலிவோடு நீர்க்கழிச்சலும் அடிவயிற்றில் வீக்கமும் சேர்ந்தாலோ, சாணத்திலோ மலக்குடலைச் சோதித்த கையுறையிலோ சிவந்த நுண்ணிய புழுக்கள் தெரிந்தாலோ, உறங்கிய இளம்புழுக்கள் விழித்துவிட்டன என்று கொள்ளுங்கள். அப்போது முட்டை எண்ணிக்கை பூஜ்யமாகவும் இருக்கும், ஏனென்றால் அவை இன்னும் முட்டையிடும் வயதுக்கு வராதவை. மருந்துக் குழாயை நீங்களாக எடுக்காமல் அன்றைக்கே மருத்துவரை வரவழையுங்கள். ரத்தத்தில் புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது, உடலில் எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது, குடல் அழற்சியை முதலில் தணிக்க வேண்டுமா என்று பார்த்த பிறகே எந்தப் புழு மருந்து, எப்போது என்பதை அவர் சொல்ல முடியும்.